பொறு என்று சொன்னவன்

ஏழு மணிக்கு இத்ரிஸின் தங்கை போன் எடுப்பாள். இப்போது ஐந்தே முக்கால். அதற்குள் நான் யோசித்து ஒரு பதில் சொல்ல வேண்டும், சூடானில் முற்றுகைக்குள் அகப்பட்ட ஒரு பெண்ணும் அவளுடைய மூன்று பிள்ளைகளும் இருக்கிற இடத்திலேயே இருப்பதா, வெளிக்கிடுவதா என்று. இதைச் சொல்ல நான் யார்? சவுத் ஹாரோவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் திகதி முடியப்போகிற சாமான்களுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன். மார்பில் குத்தியிருக்கிற அட்டையில் புவன் என்று இருக்கிறது. புவனேந்திரன் என்பது அதில் கொள்ளாது. இத்ரிஸ் எங்கள் கடை வாசலில் செக்யூரிட்டி. ஆறடி உயரம், கறுப்பு ஜாக்கெட், களவெடுக்கிறவர்களைப் பிடிக்கும்போதும் சேர் என்று கூப்பிடுகிற மனிதன். சற்று முன் சாப்பாட்டு அறையில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்க, கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றான். ‘நீ அரசியல் தெரிந்தவன், புவன். நாளைக்கு நியூயோர்க்கில் ஐ.நா. கூட்டமாம். பிரித்தானியாதான் தீர்மானம் கொண்டுவருகிறதாம். அது சரிவந்தால் சனம் வெளியேறப் பாதை திறப்பார்கள் என்று ஊரில் கதைக்கிறார்களாம். என் தங்கச்சி ஹனான் கேட்கிறாள், பொறுப்பதா போவதா என்று. நான் மூத்தவன், நான் சொன்னால்தான் அசைவாள். நீ என்ன நினைக்கிறாய்?’ தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான்கே எழுத்து, சின்னச் சொல்தான். என் வாய் அந்தச் சொல்லைப் பழகவில்லை. ஏழு மணிக்குள் யோசித்துச் சொல்கிறேன் என்றது. தேத்தண்ணியை அப்படியே தொட்டிக்குள் ஊற்றிவிட்டு ஸ்டிக்கர் மெசினை இடுப்பில் கொழுவிக்கொண்டு வெளியே வந்தேன். ஐம்பத்தாறு வயதிலும் வாயை அடக்கத் தெரியவில்லை. 

மெசினைக் கண்டதும் ஆட்கள் வந்துவிடுவார்கள். யாரும் என்னைப் பார்ப்பதில்லை, என் கையைத்தான் பார்ப்பார்கள். நான் பால் பக்கம் திரும்பினால் பால் பக்கம், இறைச்சிப் பக்கம் திரும்பினால் இறைச்சிப் பக்கம். நடக்கிறபோது தாங்களும் தற்செயலாக அந்தப் பக்கம் போவதுபோல நடப்பார்கள், மானம் என்று ஒன்று இருக்கிறதே. மூன்று வருசத்துக்கு முன் ஏழெட்டுப் பேர் வருவார்கள். இப்போது இருபது. பமீலா என்று ஒரு வெள்ளைக்கார மனுசி, பள்ளிக்கூடத்தில் பியானோ படிப்பித்தவ, எப்போதும் கழுத்தில் நல்ல பட்டுத்துணி. முதலில் பூனைக்கு என்று சொல்லித்தான் மீன் எடுத்தா. இப்போது பூனையைப் பற்றிக் கதைப்பதில்லை. போன குளிருக்கு ஹீட்டர் போடாமல் பகலெல்லாம் லைப்ரரியில் இருந்ததாகவும் அங்கேயும் ஹீட்டரைக் குறைத்துவிட்டார்கள் என்றும் சிரித்துக்கொண்டு சொன்னா. எங்கேயோ கடலில் கப்பலை மறிக்கிறார்கள், இங்கே பமீலாவின் வீடு குளிர்கிறது. எங்கேயோ கோதுமை வயலில் செல் குண்டு விழுகிறது, இங்கே பாண் விலை ஏறுகிறது. இதைத்தான் நான் முன்பு ரேடியோவில் விளக்கிச் சொல்வேன், விரலை மடித்து மடித்து. முதலாவது விசயம், இரண்டாவது விசயம், மூன்றாவது விசயம். ரேடியோவில் விரலை யார் பார்க்கப் போகிறார்கள், இருந்தாலும் மடிப்பேன். சனிக்கிழமை காலை, லண்டன் தமிழ் வானொலி ஒன்றில் அரை மணித்தியாலம், அரசியல் ஆய்வாளர் புவனேந்திரன். காசு இல்லை, பெயர்தான். அந்தப் பெயர் எவ்வளவு இனித்தது என்று நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. டக். சிக்கன் துண்டு, பாதி விலை. டக். ஒரு கை என் கைக்குக் கீழாலேயே வந்து அதை எடுத்துக்கொண்டு போனது. ஆறு மணி ஆக இன்னும் ஐந்து நிமிசம். பொறுக்கச் சொல்லவா, போகச் சொல்லவா. பிரித்தானியா தீர்மானம் கொண்டுவரும், யாரோ ஒருவர் கையை உயர்த்தித் தடுப்பார், ஆழ்ந்த கவலை என்று அறிக்கை வரும். அந்த அறிக்கையை நான் நித்திரையிலும் எழுதுவேன், அத்தனை தரம் வாசித்திருக்கிறேன். அப்படியென்றால் போகச் சொல்லலாம். ஆனால் பாதையில் என்ன இருக்கிறது? யார் நிற்கிறார்கள்? எனக்குத் தெரியுமா? தெரியாதென்று தெரிந்தும் உள்ளே ஒருவன் ஏற்கெனவே முதல் விரலை மடிக்கத் தொடங்கிவிட்டான். அவனை எனக்குப் பிடிக்காது. பதினைந்து வருசத்துக்கு மேலாக அவனோடுதான் ஒரே உடம்பில் இருக்கிறேன்.

‘என்ன ஆய்வாளர், இந்த அரசாங்கம் வருசம் முடியுமட்டும் தாங்குமோ?’ கனகேஸ்வரன் அண்ணை. கையில் கூடை, கூடைக்குள் ஒன்றுமில்லை, என் மெசின் பாண் பக்கம் போகுமட்டும் அது நிரம்பாது. ‘பாணுக்கு இன்னும் பத்து நிமிசம் செல்லும் அண்ணை’ என்றேன். ‘பாணை விடும். பத்து வருசத்துக்குள்ள ஆறு பிரதமர். எங்கட ஊர்ச்சங்கத்தில தலைவர் மாத்துறதை விடக் கெதியா மாத்துறாங்கள். நான் இந்த முறை முடிவெடுத்திட்டன், கடலால சின்னப் போட்டுகள்ல வாறவங்களை நிப்பாட்டுவம் எண்டு சொல்லுறவைக்குத்தான் என்ர வோட்டு. அவங்கள் வந்துதானே எல்லாம் விலையேறினது.’ அண்ணை தொண்ணூற்றொன்றில் வெங்காய மூட்டைகளுக்குக் கீழே படுத்துக்கொண்டு லொறியில் வந்து இறங்கினவர். அந்தக் கதையை ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அவரே சொல்வார், வெங்காய மணம் ஒரு மாசம் போகவில்லை என்று முடிப்பார், எல்லோரும் சிரிப்போம். ‘அண்ணை, நீங்கள் என்னத்தில வந்தனீங்கள்?’ ‘அது வேற கதை தம்பி. அப்ப எங்களுக்குப் பிரச்சினை இருந்தது.’ முகத்தில் கள்ளம் இல்லை. உண்மையாகவே அது வேறு கதை என்று நம்புகிறார். ஏறின ஏணியை எட்டி உதைக்கிறார் என்று வேறு நாளென்றால் அவரோடு மல்லுக்கட்டியிருப்பேன், முதலாவது இரண்டாவது என்று அவரைச் சுவரோடு சேர்த்து நிறுத்தியிருப்பேன். இன்றைக்கு அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வாயும் என் வாயும் ஒன்றுதான். தெரியாத ஒன்றைப் பற்றி எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது. அவர் ஒரு வோட்டோடு நிற்கிறார், கெடுதி என்றாலும் பெட்டிக்குள் லட்சத்தில் ஒன்று. நான் போட்டது அப்படியல்ல. ஒரே ஒரு வோட்டு, அதுவே முடிவு. வேண்டாம், இப்போது அங்கே போக வேண்டாம். பாண் பக்கம் போவோம். கனகேஸ்வரன் அண்ணைக்கு ஒரு பாண் ஒட்டிக் கொடுப்போம்.

காதில் இருக்கிற ஹெட்செட்டில் மனேஜர் ட்ரேசி கூப்பிட்டாள். ஒன்பதாவது வரிசைக்குப் போ புவன், பால்மாவில் திகதி முடிந்த நான்கு தகர ரின் இருக்கிறது, எடுத்து உள்ளே கொண்டுவா. நான் அந்த வரிசைக்குள் போவதில்லை. பதினொரு வருசமாக இந்தக் கடையில் வேலை, எட்டாவதிலிருந்து பத்தாவதுக்குப் போக வேண்டுமென்றால் முன்பக்கத்தால் சுற்றித்தான் போவேன். ஒருவருக்கும் அது தெரியாது. வேறு யாரும் இல்லையா என்று கேட்டேன், இல்லை என்றாள். போனேன். பால்மா ரின்களை இப்போது பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், தூக்கிக்கொண்டு ஓடினால் கத்தும். தாய்மார் களவெடுக்கிறார்கள். இத்ரிஸ் ஒருநாள் ஒருத்தியைப் பிடித்துவிட்டு, ரின்னைத் திருப்பி வாங்காமல், வாசலைப் பார்த்தபடி நின்றான், அவள் போகுமட்டும். பிறந்த பிள்ளைக்கான பால்மாவுக்கு மட்டும் விலை குறைக்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம், அதனால் என் மெசினுக்கு இங்கே வேலையில்லை. எடுத்து எறிவதுதான். சாவியைப் போட்டுத் திறந்தேன். ரின்னில் ஒரு பிள்ளையின் படம் இல்லை, ஒரு கரடிக்குட்டிதான், இருந்தும் எனக்கு நிலானிதான் தெரிந்தாள். நிலானி என் தங்கை வதனியின் மகள், இரண்டு வயதும் நான்கு மாசமும். நான் நேரில் கண்டதில்லை, படம்தான், கையில் ஒரு மாரி பிஸ்கட்டோடு. இரண்டாயிரத்தொன்பது ஏப்ரலில் யுத்தத்தின் கடைசியில், முள்ளிவாய்க்காலுக்கு இங்கால் ஒரு தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தார்கள். பால்மா கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வதனியின் மனிசன் பரணி பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனான். பிள்ளையைக் காட்டினால்தான் கொடுப்பார்களாம். வரிசையில் செல் விழுந்தது. இவ்வளவுதான் விசயம், மூன்று வரி, இதற்கு மேல் எனக்கு எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு ரின்னையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் தள்ளுவண்டியோடு என்னைச் சுற்றிக்கொண்டு போனாள், மன்னிக்கவும் என்று சொன்னாள். அந்தச் சொல்லை இந்த நாட்டில் ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்கிறேன். ஒரு தரம்கூட நான் சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னதில்லை.

ஏனென்றால் அந்தப் பால்மா வரிசைக்கு மூன்று நாளுக்கு முன் வதனி எனக்குப் போன் எடுத்தாள். நான் அப்போது எங்கே நின்றேன்? பாராளுமன்றத்துக்கு முன்னால், புல்வெளியில், பறை அடித்துக்கொண்டிருந்த பெடியளுக்குப் பக்கத்தில். லண்டனில் இருக்கிற தமிழ்ச்சனமெல்லாம் அங்கேதான் நின்றது. வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறித்துவிட்டு, இடியப்பமும் சம்பலும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து பொலிஸ்காரருக்கும் கொடுத்தோம். அன்றைக்குப் பின்னேரம் ஒரு எம்.பி. வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்தக் கிழமைக்குள் ஏதாவது நடக்கும், அழுத்தம் வேலை செய்கிறது என்றார். அந்தக் கை இன்னும் சூடாக இருந்தது. அப்போதுதான் போன். சற்லைற் போன், அங்கே வரிசையில் நின்றால் ஆளுக்கு ஒரு நிமிசம் கதைக்கலாம். ‘அண்ணா, இஞ்ச சனம் கடலேரியால அங்கால ஆமியின்ர பக்கம் போகுது. நாங்களும் போறதோ, இருக்கிறதோ? நீ சொல்லு.’ நீ சொல்லு. எங்கள் வீட்டில் எதற்கும் இப்படித்தான். அப்பா செத்த பிறகு எல்லாம் லண்டன் அண்ணாவைக் கேட்டுத்தான். கிணறு வெட்டுவதா, ஆட்டை விற்பதா, பரணியைக் கட்டுவதா, பிள்ளைக்கு என்ன பெயர். எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அங்கால் இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தார்கள். காசு அனுப்புகிற கைக்குக் கண்ணும் இருக்கும் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதுதான் பிழை. ‘பொறு வதனி’ என்றேன். ‘ரெண்டு நாள் பொறு. இஞ்ச சனத்தைப் பார்த்தியோ, றோட்டெல்லாம் மூடியாச்சு. முதலாவது, இவங்கள் ஐ.நா.வில கதைக்கிறாங்கள். ரெண்டாவது, அமெரிக்கன் கப்பல் வரப்போகுது. மூண்டாவது...’ மூன்றாவது என்னவென்று எனக்கு இப்போது ஞாபகமில்லை. அப்படி ஒன்று இருந்ததா என்றும் தெரியாது. பறைச் சத்தத்துக்கு மேலால் கத்திச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள், ஆய்வாளர் ஊரோடு கதைக்கிறார் என்று. அந்தப் பார்வைக்காகவும் கொஞ்சம் கத்தினேன். சரி அண்ணா என்றாள். வைத்துவிட்டாள்.

பிறகு நான்கு வருசம் கழித்து வெம்பிளியில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் ஒரு மனுசி என்னிடம் வந்து தான் வதனிக்குப் பக்கத்துத் தறப்பாளில் இருந்தவ என்றா. கையில் கேசரித் தட்டு, மேடையில் பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘அவ பையைத் தோளில போட்டுக்கொண்டுதான் உங்களோட கதைச்சவ. பிள்ளைக்குக் காலில சப்பாத்தும் போட்டாச்சு. கதைச்சு முடியப் பையை இறக்கி வைச்சிட்டு, அண்ணா பொறுக்கட்டாம் எண்டு சொன்னவ. நாங்கள் வெளிக்கிட்டிட்டம்.’ அந்த மனுசிக்கு என்னைக் குத்தும் எண்ணமே இல்லை, ஊர்க்கதை கதைக்கிறா, அவ்வளவுதான். கேசரி நல்லாயிருக்கு என்றும் சொன்னா. அன்றையிலிருந்து அந்தப் பை என் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸில், குளிக்கிறபோது, ஜெயகௌரி பக்கத்தில் படுத்து வரப்போகிற பட்ஜெட்டைப் பற்றிக் கேட்கிறபோது. முப்பது வருசம் என்னோடு குடித்தனம் நடத்துகிற ஜெயகௌரிக்கும் நான் அப்படிச் சொன்னது தெரியாது. கடலேரியைக் கடந்தவர்கள் எல்லோரும் தப்பவில்லை என்று எனக்கு நானே சொல்வேன், தண்ணிக்குள்ளேயே விழுந்தவர்களும் இருக்கிறார்கள், போயிருந்தால் மூன்று பேருமே போயிருப்பார்கள், அப்படியும் நடந்திருக்கலாம். ஆய்வாளருக்கு ஆய்வுக்கா பஞ்சம். வதனி இப்போது வவுனியாவில் தைக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் கதைப்பாள். சாப்பிட்டியா அண்ணா, அங்க குளிரோ அண்ணா, கால் நோவு எப்பிடி. ஒருநாளும், ஒரு சொல்லும், அதைப் பற்றி இல்லை. ஒரு தரம் ஏசினாளென்றால் நான் அந்த இடத்திலேயே அழுதுவிடுவேன், பிறகு உயிரோடு இருப்பேன். ஏசமாட்டாள். வெட்கக்கேடு என்னவென்றால், அதற்குப் பிறகும் நான் வாயை மூடவில்லை. கிழமைக்குக் கிழமை ரேடியோவில் உக்ரைன், காசா, ஈரான், வட்டி வீதம், அடுத்த பிரதமர். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்களே. அந்த ரேடியோதான் கடைசியில் காசில்லாமல் நின்றது, நான் நிற்கவில்லை. இத்ரிஸுக்கும் சாப்பாட்டு அறையில் உலகத்தைப் பிரித்துப் பிரித்து விளக்கியவன் நான்தான். அதனால்தான் அவன் என்னிடம் வந்தான்.

ரின்களை உள்ளே கொடுத்துவிட்டு வந்து மிச்சத்தை ஒட்டினேன். பூசணிச் சூப், கீரைப் பை, சான்ட்விச். பமீலாவின் கை, ஒரு சோமாலிப் பெண்ணின் கை, கனகேஸ்வரன் அண்ணையின் கை. விலையை வெட்டுகிற அதிகாரம் மட்டும் இருக்கிற மனிதனாக வாழ்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது, மெசின் சொல்கிற விலையைத்தான் ஒட்ட வேண்டும், எவரும் பிழைத்துப்போனாலும் போகாவிட்டாலும் என்னால் அல்ல. ஏழுக்கு இன்னும் பத்து நிமிசம். வாசல் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன். சுகமில்லை என்று பின்கதவால் போகலாம். ட்ரேசி நம்புவாள், என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். கோட்டை எடுக்கிற அறைவரை போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டின் ஒரு கைக்குள் கையையும் விட்டுவிட்டேன். பிறகு, நான் இல்லாவிட்டால் இத்ரிஸ் தானே ஒரு முடிவு சொல்வான், மூத்தவன் இல்லையா, சொல்லித்தானே ஆக வேண்டும், சொன்னதன் பிறகு இந்த மனிதனும் பதினைந்து வருசத்துக்கு எந்த வரிசைக்குள் போகாமல் சுற்றிப் போவானோ என்று நினைத்தேன். கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு வாசலுக்கு நடந்தேன்.

இத்ரிஸ் தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றான். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ‘யோசித்தாயா?’ என்றான். என் வலக்கை தானாக எழும்பி முதல் விரலை மடிக்கப் போனது. அதை மற்றக் கையால் பிடித்து இறக்கினேன். ‘எனக்கு ஒன்றும் தெரியாது, இத்ரிஸ். நான் ரிவியில் பார்ப்பதைத்தான் சொல்கிறேன். என் தங்கச்சியும் இப்படித்தான் கேட்டாள். நான் பொறு என்றேன். அவள் பொறுத்தாள். புருசனும் பிள்ளையும் செத்துப்போனார்கள்.’ இங்கிலீசில் சொன்னதால் இவ்வளவு சுருக்கமாக வந்தது. தமிழில் என்றால் வந்திருக்காது.  ஒரு கிழவர் கூடையைக் கொடுத்துவிட்டுப் போனார், இத்ரிஸ் அதை வாங்கி அடுக்கினான். ‘உன் தங்கச்சி உன்னோடு கதைக்கிறவளா?’ ‘ஒவ்வொரு ஞாயிறும்.’ ‘என்ன சொல்வாள்?’ ‘சாப்பிட்டியா என்று கேட்பாள்.’ அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான். ‘அப்போ நான் என்ன சொல்ல?’ என்றான், அந்தப் பெரிய உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை. ‘ஒன்றும் சொல்லாதே. அவளைக் கேள். செல் எந்தப் பக்கம் விழுகிறது என்று அவளுக்குத்தான் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் போகிறார்களா என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் என்ன முடிவெடுத்தாலும் அது நீ சொன்ன சொல்தான் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடு, பழி அவள்மேல் விழாமல்.’ போன் அடித்தது. ஏழுக்கு இன்னும் இரண்டு நிமிசம் இருந்தது.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கதைத்தான். எனக்கு அரபு தெரியாது. ஹனானின் குரல் விட்டுவிட்டு வந்தது, பின்னால் ஒரு பிள்ளை இருமியது. அவன் ஒரு சொல் சொல்வான், சொல்லின் நுனி மேலே போகும், அவள் நெடுநேரம் சொல்வாள். திரும்பவும் ஒரு சொல், நுனி மேலே போகும். கேட்கிறான் என்று விளங்கியது. கேள்விக்கு எந்தப் பாசையிலும் ஒரே குரல்தான். ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள், கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது, குளிர் உள்ளே வந்தது. நான் அவனுடைய வாசலை அவனுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் எத்தனை கேள்வி கேட்டான் என்று தெரியாது, குறைந்தது பத்து இருக்கும். அன்றைக்குப் பாராளுமன்றப் புல்வெளியில் எனக்கும் ஒரு முழு நிமிசம் இருந்தது. எங்கே நிற்கிறாய் என்றுகூட நான் வதனியைக் கேட்கவில்லை.